நாலு செகண்டு சிரிப்பு

அம்மிணி, தப்பா நெனைக்காதீங்க. அடுத்தவங்க போனை எட்டிப் பாக்கற ஆளில்லைங்க நானு. பக்கத்துல உக்காந்திருக்கேனா, கண்ணு தானாப் போயிருச்சு. ஆனா ஒண்ணு சொல்லட்டுங்களா? வீடியோவை நீங்க வெட்டுற எடம் தப்புங்க. கொழந்தை கேக்கை வாயில வெக்கறதுக்கு முன்னாடியே வெட்டிப்போட்டீங்க. அது வெச்சு, மூக்கெல்லாம் பூசிட்டு, அம்மாவைத் திரும்பிப் பாக்குது பாருங்க, அங்க வெட்டோணும். ஆங், அங்கதான். இப்பப் பாருங்க எப்படி இருக்குதுன்னு.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு கேக்கறீங்களா? கேக்கலைன்னாலும் சொல்றேன். பஸ்ஸு போய்ச் சேர இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்குது, சும்மா உக்காந்து என்ன பண்ணப் போறோம்.

என்ற பேரு வசந்தாமணிங்க. கோபிக்குப் பக்கத்துல ஊரு. ஊட்டுக்காரரு சென்னியப்பன், மின்வாரியத்துல போர்மேனா இருந்து ரிட்டயர்டு ஆனவரு. ஒரே பொண்ணு, தாரணி. போன ஆவணியில அவளுக்குக் கல்யாணம் பண்ணினோம். மாப்ள நவநீதன், ஓசூர்ல கம்பெனியில இருக்காரு. கல்யாணம் நல்லா நடந்துச்சு. சாப்பாட்டைப் பத்தி இன்னைக்கும் சொல்றாங்க. கொற ஒண்ணுமில்லைங்க. வீடியோ வர்ற வரைக்கும் கொற ஒண்ணுமே இல்லை.

கார்த்திகையில வீடியோ வந்துச்சு. மூணு மணி நேரம் நாப்பது நிமிசம். நானும் அவரும் டிவி முன்னால உக்காந்து பூராத்தையும் பாத்தோம். அம்மிணி, பொண்ணைப் பெத்தவ நானு. எத்தன நேரம் வந்திருப்பேன்னு நெனைக்கறீங்க? ஒரு நிமிசம் இருந்தாப் பெருசு. அதுலயும் பாதி முதுகு. தாரை வாக்கற எடத்துல என்ற கை வருது, வளையல் வருது, மூஞ்சி தூணுக்கு அந்தப் பக்கம்.

எனக்கு மூஞ்சியக் காட்டோணுங்கற ஆசையெல்லாம் கெடையாதுங்க. போட்டோ எடுக்கறாங்கன்னாலே ஒதுங்கற ஆளு. ஆனா நியாயம்னு ஒண்ணு இருக்குதில்ல?

நான் இல்லாத எடத்துல எல்லாம் யாரு இருந்தா தெரியுங்களா? ரங்கநாயகி. என்ற ஊட்டுக்காரரோட தங்கச்சி. வாசல்ல பன்னீர் தெளிக்கறா. மேடையில வெளக்குத் திரியத் தூண்டறா. பொண்ணுக்கு நெத்தி வேர்வையத் தொடைக்கறா. பந்தியில எலையப் பாத்துப் பாத்து நெய் ஊத்தச் சொல்றா. அரக்குக் கலர் பட்டு, அதுல இத்தாம்பெரிய மயில் கரை. வீடியோவப் பாத்தா அந்தக் கல்யாணமே அந்த மயிலுக்கு நடந்தாப்ல இருக்குது.

எனக்கு ஒடனே புரிஞ்சுபோச்சு. கேமராக்காரங்க சாப்பிடறப்ப அவளே பக்கத்துல நின்னு ரெண்டாந்தடவை பாயாசம் ஊத்துனதை என்ற கண்ணால பாத்தேன். பாயாசத்துக்கு விசுவாசம் காட்டிப்போட்டாங்க.

அடுத்த நாளே வந்து நிக்கறா. "நங்கை, வீடியோ வந்துருச்சாமா?"ங்கறா. எங்க பக்கம் அண்ணன் பொண்டாட்டிய நங்கைன்னுதான் கூப்பிடறது. முப்பத்தோரு வருசமா எனக்கும் அவளுக்கும் பேச்சு அவ்வளவுதானுங். அவ "நங்கை"ம்பா, நான் "வாம்மா"ம்பேன், காப்பி குடுப்பேன், போயிருவா. சண்டையெல்லாம் கெடையாது. சண்டை போடற அளவுக்குப் பேசிக்கிட்டதில்லை.

பூராத்தையும் பாத்துட்டு, எந்திரிக்கறப்ப ஒரு வார்த்தை சொன்னா பாருங்க. "ரொம்ப நல்லாப் பண்ணியிருக்காங்க நங்கை. ஒரு எடத்துலகூட நீங்க மொறைக்கவே இல்லை."

நான் இருந்தாத்தானே அம்மிணி மொறைக்கறதுக்கு?

அவ அந்தப் பக்கம் போனதும் நான் இந்தப் பக்கம் ஸ்டுடியோவுக்குப் போயிட்டேன். "ஏனுங், என்ற மூஞ்சியில என்ன கொற கண்டீங்க?"ன்னு கேட்டேன். ஸ்டுடியோக்காரரு நல்ல மனுசன், எதுத்துப் பேசலை. "அம்மா, இருந்ததுல நல்லதத்தான் பாத்துப் பாத்துப் போட்டிருக்கோம்"னாரு. "அப்ப நல்லா இல்லாததையும் குடுங்க, நானே வெட்டிக்கறேன்"னேன். மூணு கேமராவுல எடுத்தது மொத்தமும், பதினாலு மணி நேரம், ஒரு டப்பாவுல போட்டுக் குடுத்தாரு. குடுத்துட்டு, "வெட்டறதுக்கு முன்னாடி ஒருதடவை பூராத்தையும் பாத்துருங்கம்மா"ன்னு சொல்லிச் சிரிச்சாரு. அந்தச் சிரிப்பு எனக்குப் புடிக்கலை.

ஊட்டுல ஒரு கம்ப்யூட்டர் இருந்துச்சு. தாரணி காலேஜ் படிக்கறப்ப வாங்கினது. அவ போனப்பறம் இவரு அதுல சீட்டாடிட்டு இருந்தாரு. எதுத்தாப்ல ஆளே இல்லாத சீட்டாட்டம், அதுலயும் தோத்துப் போவாரு. அவரை எந்திரிக்கச் சொல்லிட்டு நான் உக்காந்தேன். வீடியோ வெட்டறதுக்குத் தனியாச் சாப்ட்வேர் வேணும்னாங்க. சரி, எது நல்லது?

அம்மிணி, பொண்ணுக்கு மாப்ள பாத்தப்பக்கூட நான் இத்தன பேரை விசாரிக்கலைங்க.

மொதல்ல மாப்ளைக்குப் போன் போட்டேன். அவரு சொன்னாரு, "அத்தை, சினிமாக்காரங்க வெச்சிருக்கறதையே போட்டுக்குங்க. எடுத்ததுமே நல்லதுல பழகிருங்க." நல்ல யோசனைன்னு நெனச்சேன். அது கம்ப்யூட்டருக்குள்ள எறங்கறதுக்கே ஒன்றரை நாளாச்சு. தொறக்கச் சொல்லி அமுத்திட்டுப் போய் நான் டீ வெச்சு, குடிச்சு, டம்ளரையும் கழுவிக் கவுத்துட்டு வந்தேன், அப்பத்தான் தொறக்குது. தொறந்தா, ஏரோப்ளேன் ஓட்டறவன் முன்னால இருக்குமே, அந்த மாதிரி பட்டனுங்க. ஒரு வீடியோவை உள்ள தூக்கிப் போட்டேன். கம்ப்யூட்டருக்குள்ள இருக்கற காத்தாடி நெல்லு மில்லு மாதிரி சத்தம் போட்டுச்சு. அப்பறம் சத்தம் நின்னுச்சு. அப்பறம் எல்லாமே நின்னுச்சு.

என்ற ஊட்டுக்காரரு சும்மா இருப்பாரா? "நாலு தென்னைக்குத் தண்ணி பாய்ச்சறதுக்கு பவானிசாகர் அணையத் தொறந்து விட்டாப்ல இருக்குது"ன்னாரு. அவரு சொன்னது சரிதான். சரின்னு நான் சொல்லலை.

அடுத்து, போன்ல ஒரு விளம்பரம் வந்துச்சு. இலவசம், ரொம்ப சுலபம், பச்சைக் கொழந்தைகூட வெட்டலாம்னு. நெசமாவே சுலபமாத்தான் இருந்துச்சு. ரெண்டு நாள் உக்காந்து நிச்சயதார்த்தம் வரைக்கும் வெட்டிச் சேத்துட்டேன். வெளிய எடுத்துப் பாத்தா, படத்து மேல அதோட பேரைப் பெருசா எழுதி வெச்சிருக்குது. அதுவும் எங்க? தாரணி நெத்தியில. பொட்டு வெச்ச எடத்துக்கு மேல, கோயில் ட்யூப்லைட்டுல உபயம்னு எழுதுவாங்களே, அந்த மாதிரி. பேரை அழிக்கோணும்னா காசு கட்டோணுமாமா. என்ற பொண்ணு நெத்தி, அதுல எவனோ உபயம்.

மூணாவது ஒண்ணு புடிச்சேன். அது பேரும் எழுதலை, சத்தமும் போடலை. வாரம் பூரா நல்ல புள்ளையா இருந்துச்சு. எட்டாவது நாள் கதவைச் சாத்திக்கிச்சு. ஏழு நாளைக்குத்தான் இலவசமாமா. நான் வெட்டின வெட்டெல்லாம் உள்ள மாட்டிக்கிச்சு. அதுக்குள்ள இங்கிலீசுல என்னென்னமோ கேக்குது, இவரு "எதையும் அமுத்தாதே வசந்தா, கையெடு, கையெடு"ன்னு ட்ரான்ஸ்பார்மர்ல ஏறினவளச் சொல்றாப்ல கத்தறாரு.

அப்பறந்தான் எங்க வீதி மொக்குல டைப்பிங், கம்ப்யூட்டர் கிளாஸ் நடத்தற பர்வீன்கிட்டப் போனேன். மொதல்லயே போயிருக்கோணும். அந்தப் பொண்ணு எந்தச் சாப்ட்வேரு பேரையும் எடுத்ததும் சொல்லலைங்க. என்னையத்தான் கேள்வி கேட்டுச்சு.

"அக்கா, உங்களுக்கு என்ன பண்ணணும்?"

"வெட்டோணும்."

"அப்புறம்?"

"ஒட்டோணும்."

"அப்புறம்?"

"வேண்டாத சத்தத்தை அமுக்கிட்டு நாதஸ்வரம் போடோணும். மொதல்ல பேரு வரோணும். அவ்வளவுதான் கண்ணு."

"பறக்கற எழுத்து, நெருப்பு, பூ கொட்டறது?"

"நெருப்பெல்லாம் எனக்குள்ளயே இருக்குது. அது வேண்டாம்."

அது சிரிச்சிட்டே வீட்டுக்கு வந்து எங்க கம்ப்யூட்டரைப் பாத்துச்சு. எத்தன வருசத்து மெசினு, எவ்வளவு பாரம் தாங்கும்னு பாத்துட்டு, "இதுக்குச் சின்னதுதான் சரிக்கா"ன்னு ஒண்ணைப் போட்டுக் குடுத்துச்சு. எப்பவும் இலவசம். பேரு எழுதாது. மேல படம், கீழ ரெண்டு கோடு, ஒண்ணு படத்தோட கோடு, ஒண்ணு சத்தத்தோட கோடு. நடுவுல ஒரு கத்திரிக்கோல். தப்புப் பண்ணினாப் பின்னால போறதுக்கு ஒரு அம்புக்குறி, எத்தன தப்புக்கு வேணும்னாலும் பின்னால போகலாம். வாழ்க்கையில இல்லாத வசதி. "பெரிய வீடியோவ அப்படியே போடாதீங்க, சின்னதா நகலெடுத்து வெச்சு வெட்டுங்க, மெசினு தெணறாது. அப்பப்பச் சேமிச்சுக்குங்க"ன்னுச்சு. அரை நாள்ல புடிச்சுக்கிட்டேன். நான் சொல்றேன் அம்மிணி, யாராச்சும் உங்களைக் கேட்டா இதத்தான் சொல்லுங்க. எது பெருசுன்னு பாக்கக்கூடாது, நமக்கு என்ன வேலைன்னு பாக்கோணும்.

சரி, சாப்ட்வேரு கெடைச்சாச்சு. உக்காந்து பதினாலு மணி நேரத்தையும் பாத்தேன்.

எப்படிச் சொல்றதுன்னு தெரியலைங்க. நான் இருந்தேன். எல்லா எடத்துலயும் நான் இருந்தேன். அந்தக் கேமராக்காரங்க வேணும்னே நேரம் பாத்து எடுத்திருக்காங்க. ஒண்ணுல சமையக்காரரைப் பாத்து வெரல் நீட்டிட்டு நிக்கறேன். ஒண்ணுல இவரைப் பாத்துப் பல்லைக் கடிக்கறேன். ஒண்ணுல மாலை கொண்டாந்தவரை... அது என்ன சொன்னேன்னு மறந்துபோச்சு, அந்தாளு ரெண்டு அடி பின்னால போறாரு. கெட்டிமேளம் கொட்டறப்ப, அந்த முகூர்த்த நேரத்துல, மேளத்தையும் மீறி ஒரு சத்தம் கேக்குது. "ரசத்துக்கு ஆளில்லை! ரசம் எங்கே?" என்ற சத்தந்தான். ஏனுங், ரசத்துக்கு ஆளில்லைன்னா பொண்ணைப் பெத்தவ கேக்கமாட்டாளா?

பதினாலு மணி நேரத்துல நான் சிரிச்சது ஒரே எடம். நாலு செகண்டு. தலையச் சாச்சு, கனகாம்பரம் ஒரு பக்கமாத் தொங்க, பல்லு தெரியச் சிரிக்கறேன். ரொம்ப அழகா இருந்துச்சுங்க. நானே சொல்லக்கூடாது.

அந்த நாலு செகண்டைத்தான் எடுத்து, பதினோரு எடத்துல போட்டேன். முகூர்த்தத்துல சத்தத்தை மட்டும் தனியாப் பிரிச்சுத் தூக்கிட்டு நாதஸ்வரம் போட்டேன். அப்பறம் கத்திரிக்கோலை எடுத்து, அந்த மயிலைத் தேடித் தேடி வெட்டினேன். பன்னீர் போச்சு. வெளக்குத் திரி போச்சு. நெய் போச்சு. ஒரு எடத்துல கேமராவுக்கு ஒட்டின மாதிரி வந்து நின்னு வாயசைச்சிட்டே இருக்கறா, நாப்பது செகண்டு, படம் பூரா அவ மூஞ்சிதான். என்ன போஸு பாருங்கன்னு எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அதை வெட்டினாப் பின்னால நான் போட்ட நாதஸ்வரம் முன்ன பின்ன ஆகுது. அதனால வெட்டாம, என்ற சிரிப்பை மேல போட்டு மூடிட்டேன். நாலு செகண்டு நாப்பதுக்குப் பத்தாதில்ல? இழுத்து விட்டேன். இந்தச் சாப்ட்வேருல அதுவும் முடியும். மெதுவா, ரொம்ப மெதுவா, சூரியகாந்தி திரும்பற மாதிரி சிரிக்கறேன்.

முகூர்த்தத்தைத் தவிர, பாத்தது வெட்டினது இத்தனையும் கம்ப்யூட்டர்ல சத்தத்தை அமுக்கி வெச்சுட்டுத்தான் பண்ணினேன். என்ன இருந்தாலும் அவரோட தங்கச்சியில்ல? அடுத்த ரூம்புல பேப்பர் படிச்சிட்டிருக்கற மனுசன் காதுல அவ கொரலு விழுந்து, அது பாதியில நின்னுபோச்சுன்னா எந்திரிச்சு வந்துருவாரு. நாதஸ்வரம் போட்ட எடத்தை மட்டும் ஒருதடவை சத்தம் வெச்சுக் கேட்டேன். நல்லா இருந்துச்சு. மத்தது கேக்கலை.

தை மாசம் கொலதெய்வம் கோயில்ல பொங்கல் வெச்சோம். சொந்தக்காரங்க பதினஞ்சு பேரு கோயில்ல இருந்து நேரா எங்க ஊட்டுக்குச் சாப்பிட வந்தாங்க. தாரணிக்கும் மாப்ளைக்கும் லீவு கெடைக்கலை. சாப்பிட்டு எல்லாரும் வெத்தலை போட்டதும், "கல்யாண வீடியோவை நானே வெட்டிச் சேத்திருக்கேன், பாக்கறீங்களா?"ன்னேன். ரங்கநாயகிக்கு மட்டும் நானே நாற்காலி எடுத்துப் போட்டேன், டிவிக்கு நேர் எதுத்தாப்ல. மூஞ்சி போற போக்கைப் பாக்கறதுக்குத்தான். மறைச்சு என்ன ஆகப்போகுது.

பேரு ஓடுச்சு. எல்லாரும் கை தட்டினாங்க. ரங்கநாயகியும் தட்டினா. வாசல் வந்துச்சு, பன்னீர் இல்லை. மேடை வந்துச்சு, வெளக்கு தானா எரியுது. ஆறாவது தடவை நான் சிரிச்சப்ப ஒருத்தரு, "வசந்தாமணிக்கு அந்தப் பூ நாள் பூரா அதே பக்கமே தொங்கியிருக்குதப்பா"ன்னாரு. இன்னொரு அம்மா, "ஏனுங், நம்ம ரங்கா அன்னைக்கு வரலைங்களா?"ன்னாங்க. என்ற ஊட்டுக்காரரு மெதுவாத் திரும்பி என்னைப் பாத்தாரு. முப்பது வருசம் கம்பத்துல ஏறினவரு, எந்தக் கம்பியில கரண்டு ஓடுதுன்னு பாத்ததும் தெரிஞ்சிரும் அவருக்கு. நான் டிவியப் பாத்தேன்.

அப்பத்தான் அந்த நாப்பது செகண்டு வந்துச்சு.

படத்துல நான் தலையச் சாச்சு, மெதுவாச் சிரிக்க ஆரம்பிக்கறேன். சத்தத்துல ரங்கநாயகி பேசறா. படத்தைத்தானே நான் மூடினேன், சத்தத்தோட கோடு அப்படியே கீழ கெடந்திருக்குது. கேமராக்காரருகிட்டச் சொல்லிட்டு இருக்கறா:

"தம்பி, ஒண்ணு சொல்றேன் கேளுங்க. எங்க நங்கை வர்றதையெல்லாம் வீடியோவுல போட்டுறாதீங்க. பொண்ணு போறாளேன்னு ரெண்டு நாளா ஒரு வாய் சோறு எறங்கலை அவங்களுக்கு. அழுகறதுக்குத் தெரியாது, அதான் எல்லார் மேலயும் எரிஞ்சு விழறாங்க. பின்னால பாத்தா அவங்களுக்கே சங்கடமாப் போயிரும். சிரிச்சா மட்டும் எடுங்க. சிரிப்பாங்க, கொஞ்சம் பொறுமையா இருந்தீங்கன்னா சிரிப்பாங்க. சிரிச்சா ரொம்ப நல்லா இருப்பாங்க. இருங்க, இன்னுங்கொஞ்சம் பாயாசம் கொண்டாரச் சொல்றேன்."

இது ஓடி முடியற வரைக்கும் நான் டிவியில சிரிச்சிட்டே இருக்கறேன். நிறுத்தவும் முடியலை. ரிமோட்டு எங்க இருக்குதுன்னு தெரியலை.

பாத்தீங்களா அம்மிணி? என்னை வெட்டச் சொன்னதே அவதான்! நான் மொதல்லயே சொன்னேனா இல்லையா? பாயாசமும் குடுத்திருக்கறா! நான் நெனச்சது ஒண்ணுகூடத் தப்பில்லை. இதை அங்கயே எல்லாரு முன்னாலயும் சொல்லோணும்னுதான் இருந்தேன். வாய் வரலைங்க. கோயில்ல இருந்து கொண்டாந்த ஊதுவத்தியப் பக்கத்துலயே பொருத்தி வெச்சிருந்தாங்க, புகை நேராக் கண்ணுக்குள்ள வருது. அந்த ஊதுவத்தி இப்பெல்லாம் வாங்கறதில்லை.

ரங்கநாயகி எந்திரிச்சு வந்தா. சரி, கேக்கப் போறா, கேக்கட்டும்னு நானும் எந்திரிச்சு நின்னேன். அவ என்ற பக்கத்துல வந்து, டிவியக் கைகாட்டி, ஆச்சரியமாக் கேக்கறா:

"நங்கை, இது எந்தச் சாப்ட்வேருங்க? என்னை எடுத்துப்போட்ட எடத்துல ஒரு கோடுகூடத் தெரியலையே! நானே அன்னைக்கு வரலையோன்னு நெனச்சுட்டேன்."

கேலி பண்றாளான்னு மூஞ்சியப் பாத்தேன். கேலியும் இருந்துச்சு. ஆனா நெசமாவும் கேட்டா. எனக்கு, சிரிக்காதீங்க அம்மிணி, எனக்கு மொதல்ல வந்தது பெருமைதானுங். அத்தன பேரு பாத்தாங்க, தொழில் தெரிஞ்சு பாராட்டினவ அவ ஒருத்திதான். வெக்கம் அதுக்கப்பறந்தான் வந்துச்சு. அதுவும் மெதுவாத்தான் வந்துச்சு, வந்தப்பறம் போகலை.

சாயங்காலம் எல்லாரும் போனப்பறம் இவரு ஒரே வார்த்தைதான் சொன்னாரு. "வெட்டினது போதும் வசந்தா. ஒட்டற வேலையப் பாரு."

அடுத்த நாள் நானே போன் போட்டேன். முப்பத்தோரு வருசத்துல நானாப் போட்ட மொதப் போனு. "ரங்கா, மத்தியானம் வர்றயா? சாப்ட்வேரு காட்டறேன்"னேன். அரை மணி நேரத்துல வந்துட்டா, தூக்குப்போசியில கம்பஞ்சோத்தோட. அப்பறம் பன்னண்டு நாள் தெனமும் வந்தா. நான் கத்திரிக்கோல் புடிச்சேன், அவ பக்கத்துல உக்காந்து எடம் சொன்னா. இந்தத் தடவை சத்தத்தை வெச்சுத்தான் வெட்டினோம்.

சத்தம் வெச்சப்பறந்தான் தெரிஞ்சுது, அந்த நாலு செகண்டு நான் எதுக்குச் சிரிச்சேன்னு. எனக்கே மறந்துபோச்சுங்க. பக்கத்துல இவதான் நின்னிருக்கறா, படத்துல வரலை. "நங்கை, சம்பந்தியம்மா சவுரி கழண்டு சேருல தொங்குது பாருங்க, குருவி கூடு கட்டிரும்"னு காதுல சொல்லியிருக்கறா. அதுக்குத்தான் அந்தச் சிரிப்பு. அதைக் கேட்டு மறுபடியும் ரெண்டு பேரும் சிரிச்சோம் பாருங்க, இவரு அடுத்த ரூம்புல இருந்து வந்து எட்டிப் பாத்துட்டு, கதவை லேசாச் சாத்திட்டுப் போனாரு.

ஆனா வேலைன்னு வந்துட்டா நான் விட்டுக்குடுக்கறதில்லைங்க, அவளும் சளைச்சவ இல்லை. "பன்னீரை வெச்சுக்க, நெய்யைக் குடு"ம்பேன். "நெய்யைக் குடுத்தா எனக்கு ஊஞ்சலு வேணும்"பா. அவளுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. நான் வெரல் நீட்டற எடத்துல வெரலு வரைக்கும் நறுக்கிட்டு மூஞ்சிய மட்டும் வெச்சோம். பாதி எடத்துல ரெண்டு பேரும் ஒண்ணா வர்றதுக்கு எடம் பத்தலை. இந்தச் சாப்ட்வேருல படத்தைப் பெருசு பண்ணி, ஓரத்துல நிக்கறதையெல்லாம் தள்ளிவிடலாம். தள்ளிவிட்டோம். நேரமும் நீளமாப் போகுதுன்னு தேவையில்லாததையெல்லாம் ஒவ்வொண்ணா எடுத்தோம். கடைசியில ஒரு மணி நேரம் பன்னண்டு நிமிசம். பர்வீன் வந்து பாத்துட்டு, "அக்கா, தெளிவா இருக்குது, சத்தமும் படமும் கரெக்டா ஒட்டியிருக்குது"ன்னுச்சு. ஏதோ சொல்ல வந்துட்டுச் சொல்லாமப் போன மாதிரிதான் இருந்துச்சு, நான் கண்டுக்கலை.

அன்னைக்கே தாரணிக்கு அனுப்பி வெச்சோம். மறுநா மத்தியானம் நாங்க ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டு இருக்கறப்பப் போன் வந்துச்சு. ஸ்பீக்கர்ல போட்டேன்.

"அம்மா, நீயும் அத்தையும் அவ்வளவு அழகா இருக்கீங்கம்மா. நான் ரெண்டு தடவை பாத்துட்டேன்"னா. எங்களுக்குச் சோறு எறங்கலை, அவ்வளவு சந்தோசம். "முகூர்த்தம் எப்படி? நாதஸ்வரம் கேட்டயா?"ன்னேன். "கேட்டேன்மா. எல்லாம் நல்லா இருக்குது. ஒண்ணே ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு கண்ணு."

"அவரு எங்கம்மா?"

"எவரு?"

"மாப்பிள்ளைம்மா! ஒரு மணி நேரமா நான் தனியா உக்காந்திருக்கேன். பக்கத்துல பாதித் தோளு வருது. மாலை தானா வந்து என் கழுத்துல விழுது. இவரு இங்க உக்காந்து மூணாவது தடவையா ஓட்டி ஓட்டித் தேடிட்டு இருக்கறாரு."

நான் ரங்கநாயகியப் பாத்தேன். ரங்கநாயகி என்னைப் பாத்தா. அம்மிணி, சத்தியமாச் சொல்றேன், பன்னண்டு நாள்ல எங்க ரெண்டு பேருக்குமே அப்படி ஒருத்தரு அந்தக் கல்யாணத்துக்கு வந்த நெனப்பே இல்லைங்க. மாப்ள வேற பக்கத்துல உக்காந்து கேட்டுட்டு இருக்கறாரு. கல்யாணமாகி ஆறே மாசம். என்னன்னு சொல்றது?

ரங்கநாயகி எச்சிக் கையோட குனிஞ்சு, போன் பக்கத்துல வாயக் கொண்டுபோனா.

"தாரணிக் கண்ணு, அத்தை பேசறேன். தாலி கட்டற கை வருதா?"

"வருது அத்தை."

"அது யாரு கையி?"

"அவருதுதான்."

"அப்பறமென்ன? கல்யாணத்துக்கு அந்தக் கைதான் கண்ணு வேணும். மூஞ்சியத்தான் நீ தெனமும் பாக்கறயே, இன்னும் எத்தன தடவை பாப்பே?"

அந்தப் பக்கம் மாப்ள சிரிக்கற சத்தம் கேட்டுச்சு. அவரு சிரிச்சதும் தாரணியும் சிரிச்சா. போனை வெச்சுட்டோம்.

அந்த வார்த்தை எனக்கு வந்திருக்கோணும் அம்மிணி. வாயிக்குப் பேரு வாங்கினவ நானு. எனக்கு வரலை, அவளுக்கு வந்துருச்சு. அவகிட்ட நான் தோத்துப்போன எடம் அது ஒண்ணுதான். இதை இதுவரைக்கும் யாருகிட்டயும் ஒத்துக்கிட்டதில்லை. அவகிட்ட ஒத்துக்கவே மாட்டேன். நீங்க எறங்கிப் போயிருவீங்கங்கற தைரியத்துலதானுங் உங்ககிட்டச் சொல்றேன்.